பொருள்: ‘திறன்’ தாங்கவில்லை – வாட்டுக்கு எவ்வளவு வேலை என்பதற்கு ஒரு சொல்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளாக நடக்கும் விவாதத்தை இன்று காலை முதல் மடலிலிருந்து படித்து வந்தேன். ஏஎம்டியின் ரைசன் 7 7800எக்ஸ்3டி, இன்டெலின் கோர் ஐ9-14900கே ஆகிய இரண்டு கணினிச் செயலிகளை (கணினியின் மூளையான சிப்) ஒப்பிட்டுக் கோவை நண்பர் எழுதும் கட்டுரையில்தான் எல்லாம் தொடங்கியது. அவருடைய வரைவில் இருந்த வரி இது:

> ரைசன் செயலியின் திறன் குறைவு.

இதைப் படித்த சேலத்து அம்மா, “அப்படியானால் அதை ஏன் வாங்கச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நண்பர் எழுத நினைத்தது பாராட்டு: அந்தச் செயலி குறைந்த வாட்டில் ஓடுகிறது. தமிழ்நாட்டுப் பள்ளி இயற்பியலில் வாட்டால் அளப்பது திறன்தான். பாடநூல் தமிழை அவர் ஒழுங்காகவே எழுதியிருக்கிறார். ஆனால் படிக்கிறவருக்கு ‘திறன் குறைவு’ என்றால் வேலை செய்ய வக்கில்லை என்றுதான் படும். இன்னொருவர், மின்சாரத்தை வீணடிக்கிறது என்றும் எடுத்துக்கொள்வார். கொடுத்ததில் எவ்வளவு பயனாகிறது என்பதைச் சொல்லும் பயனுறுதிறனையும் நாம் பேச்சில் திறன் என்றே சுருக்கிவிடுகிறோம் அல்லவா? ஒரே வரி, ஒருவருக்குப் பாராட்டு, இருவருக்குக் குறை. ஒரு கலைச்சொல் இப்படி இருக்கக் கூடாது.

இதற்கு மேல், செயலி எவ்வளவு வேகமாக வேலையை முடிக்கிறது என்பதற்கு ‘செயல்திறன்’ என்று எழுதுகிறோம். நம் பாடநூல் சொற்களை அப்படியே கோத்தால், வாட்டுக்கு எவ்வளவு வேலை என்று சொல்ல இந்தக் கட்டுரைக்கு வேண்டிய சொல் ‘திறன் பயனுறுதிறன்’ என்று வருகிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். யாரும் இரண்டாவது முறை சொல்ல மாட்டார்கள்.

யாழ்ப்பாணத்து நண்பர் எழுதியது:

> எங்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. வாட் என்றால் வலு, ஜூல் என்றால் சக்தி, பிறகு வினைத்திறன். ‘வலு வினைத்திறன்’ என்று போட்டால் முடிந்தது.

இலங்கைச் சொல்தொகுதி இந்த இடத்தில் நம்முடையதைவிடத் தெளிவானது. இதை நான் மனதாரச் சொல்கிறேன். அவர்கள் சக்தி என்பது நம் ஆற்றல், வினைத்திறன் என்பது நம் பயனுறுதிறன். மூன்று பொருளுக்கு மூன்று வேர். ஆனால் தமிழ்நாட்டில் ‘வலு’ என்றதும் பலம்தான் நினைவுக்கு வரும். ‘இன்டெல் செயலியின் வலு அதிகம்’ என்று எழுதினால், கூடுதல் மின்சாரம் இழுக்கிறது என்று மதுரையில் ஒருவரும் படிக்க மாட்டார்கள். கடைக்குப் போய் அதைத்தான் வாங்கி வருவார்கள்.

சரி, சொல் தேடும் முன் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். இந்த இரண்டு செயலிகளும் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இரண்டுமே 2023-இல் வந்தவை, ரைசன் ஏப்ரலில், இன்டெல் அக்டோபரில். ரைசனில் 8 கோர்கள் (செயலிக்குள் தனித்தனியே கணக்குப் போடும் பகுதிகள்). இன்டெலில் 24: பெரிய கோர் 8, சிறிய கோர் 16. உச்ச வேகம் ரைசனுக்கு 5 கிகாஹெர்ட்ஸ், இன்டெலுக்கு 6. இனி வாட் கணக்கு. தொழில்நுட்ப விவரத் தாளில் ரைசனுக்கு 120 வாட், இன்டெலுக்கு 125 வாட் என்று இருக்கும். போன ஆண்டு அக்கா மகனுக்குக் கணினி வாங்கப் போனபோது கடைக்காரர் இந்த இரண்டு எண்ணையும் காட்டி, “ரெண்டுக்கும் கரண்ட் ஒண்ணுதான் சார்” என்றார். அவர் ஏமாற்றவில்லை. தாளில் இருப்பதை நம்பினார், அவ்வளவுதான். அந்த எண் செயலி இழுக்கும் மின்சாரமே அல்ல. ரைசனின் 120, குளிரூட்டி எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும் என்பதற்கு நிறுவனம் வைத்த ஒரு கணக்கு. இன்டெலின் 125 அடிப்படை வேகத்துக்கான எண். அதே தாளில் சற்றுக் கீழே 253 என்று உச்ச அளவும் இருக்கும்.

எங்கள் அலுவலகத்தில் காணொளி வேலைக்கு ஒரு 14900கே இருக்கிறது. எல்லாக் கோர்களும் வேலை செய்யும்போது கண்காணிப்பு மென்பொருளைத் திறந்தால் 253-இல் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும், விசிறிகள் இரையும். அக்கா மகன் வாங்கியது 7800எக்ஸ்3டி. அதை எவ்வளவு முடுக்கினாலும் 80, 90 வாட்டைத் தாண்டுவது அரிது. கணினி ஆட்டம் ஆடும்போது வித்தியாசம் இன்னும் பெரிது. ரைசன் பெரும்பாலும் ஐம்பது, அறுபது வாட்டில் ஓடும். இன்டெல் நூறைச் சாதாரணமாகத் தாண்டும், சில ஆட்டங்களில் 150-ஐத் தொடும். நொடிக்கு எத்தனை ஃபிரேம் (திரையில் வரும் படம்) என்று பார்த்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான், பெரும்பாலும் ரைசன் கொஞ்சம் முன்னே.

காரணம் அந்தப் பெயரில் இருக்கும் 3டி. கோர்கள் இருக்கும் சிலிக்கான் தட்டுக்கு மேல் 64 மெகாபைட் கேச் நினைவகத்தை (தரவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) மாடி போல அடுக்கியிருக்கிறார்கள். கீழே உள்ள 32-உடன் சேர்த்து 96. இன்டெலில் அதே வகைக் கேச் 36 மெகாபைட். ஆட்டங்கள் சின்னச் சின்னத் தரவுகளை அடிக்கடி கேட்கும். அவை கேச்சிலேயே கிடைத்துவிட்டால், கணினியின் முதன்மை நினைவகமான ரேமுக்குப் போய்வரும் காத்திருப்பு மிச்சம். மேலே மாடி இருப்பதால் வெப்பம் எளிதில் வெளியேறாது, மின்னழுத்தத்தையும் ஏற்ற முடியாது. அதனால்தான் வேகத்தை 5 கிகாஹெர்ட்ஸோடு நிறுத்தினார்கள். அந்தக் கட்டுப்பாடே வாட் குறைவதற்கும் காரணமாகிவிட்டது. (2024 நவம்பரில் வந்த அடுத்த தலைமுறை ரைசனான 9800எக்ஸ்3டி-யில் கேச்சைக் கோர்களுக்கு அடியில் வைத்தார்கள். வேகம் 5.2 ஆனது, இழுக்கும் வாட்டும் கூடியது.)

ஆனால் வேலைக்கு வந்தால் கதை மாறுகிறது. செயலியின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையில் எல்லாக் கோர்களையும் ஓட்டினால் 14900கே ஏறத்தாழ 38,000 புள்ளி எடுக்கும், 7800எக்ஸ்3டி 18,000 சொச்சம். இரண்டு மடங்கு. முப்பரிமாணப் படம் வரைகிறவர், பெரிய நிரல்களைத் தொகுக்கிறவர், காணொளி வெட்டுகிறவர் ஆகியோருக்கு இன்டெல் கணிசமாகக் குறைந்த நேரத்தில் வேலையை முடித்துக் கொடுக்கும். வாட்டால் வகுத்தால் இன்டெலுக்கு வாட்டுக்கு 150 புள்ளி, ரைசனுக்கு 200-க்கு மேல்.

இதோடு முடியவில்லை. அதே 14900கே-யை பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கம்) 125 வாட்டுக்குக் கட்டிப்போட்டால், பாதி வாட்டில் முக்கால் வேலை செய்கிறது! அப்போது வாட்டுக்கு எவ்வளவு என்ற கணக்கில் அது ரைசனுக்குச் சமமாக வந்துவிடுகிறது. மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் வேகத்தோடும் சேர்ந்து வாட் ஏறும். வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். எனவே கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ்தான் மின்சாரத்தைக் குடிக்கிறது. சும்மா இருக்கும்போது நிலைமை தலைகீழ். ரைசன் பல தட்டுகளாகப் பிரிந்திருப்பதால் ஒன்றும் செய்யாமலே இருபது வாட்டுக்கு மேல் எடுக்கும், இன்டெல் பத்தை ஒட்டி இறங்கிவிடும்.

ஆகவே நமக்கு வேண்டிய சொல் செயலியின் பிறவிக் குணத்தைச் சொல்லும் சொல்லாக இருக்கக் கூடாது. இந்த வேலையில், இந்த அமைப்பில், இவ்வளவு வாட் கொடுத்தபோது, அளந்து பார்த்தால் கையில் எவ்வளவு வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ‘திறன்’ என்ற சொல்லே உள்ளுறைந்த ஒரு குணத்தைக் குறிப்பது. அதனால்தான் எத்தனை முன்னொட்டுச் சேர்த்தாலும் அது இங்கே பொருந்த மறுக்கிறது.

இப்போது வந்திருக்கும் பரிந்துரைகள்.

‘மின்சிக்கனம்’: கேட்க நன்றாக இருக்கிறது, அழைப்பிதழில் போட்டால்கூடப் புரியும். ஆனால் சிக்கனம் செலவை மட்டும் பார்க்கும், வரவைப் பார்க்காது. வேலையே செய்யாத செயலிதான் மிகச் சிக்கனமானது.

‘மைலேஜ்’: திருச்சி நண்பர் சொன்னது. நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர். கட்டுரைக்குள் விளக்கத்துக்கு இதைப் பயன்படுத்தலாம், கட்டாயம் பயன்படுத்த வேண்டும். கலைச்சொல்லாக வேண்டாம், வண்டி ஓட்டம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

‘மின்பேறு’: பேறு என்றதும் மகப்பேறும் பேறுகாலமும்தான் வரும்.

‘விளைச்சல்’: இதை விடத்தான் எனக்கு மனமே வரவில்லை. ஆனால் சிப் தயாரிப்பில் இதற்கு வேறு வேலை காத்திருக்கிறது. ஒரு சிலிக்கான் வில்லையிலிருந்து எத்தனை சிப் பழுதில்லாமல் தேறுகிறது என்பதற்கு விளைச்சலைவிடப் பொருத்தமான சொல் இல்லை. ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால் மறுபடியும் ‘திறன்’ கதைதான்.

என் பரிந்துரை ‘கண்டுமுதல்’.

தஞ்சாவூர்ப் பக்கத்தவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தாத்தா களத்துமேட்டில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார். கதிர் அடித்து, தூற்றி, பதர் போன பிறகு மரக்காலால் நெல்லை அளப்பார்கள். முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். பிறகுதான் இரண்டு, மூன்று. அளந்து முடித்து வந்த மொத்தம்தான் கண்டுமுதல். பயிர் நிற்கும் செழிப்பைப் பார்த்து, ஏக்கருக்கு இத்தனை மூட்டை தேறும் என்று வரப்பில் நின்றே யாராவது சொன்னால் தாத்தா, “கண்டுமுதல் ஆகட்டும்” என்பார். கண்ணால் கண்ட முதல், கைக்கு வந்த முதல். நிறுவனத்தின் விளம்பரப் படத்துக்கும் சோதனையில் அளந்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘ஏக்கருக்கு என்ன கண்டுமுதல்?’ என்ற வாக்கியத்தில் ஏக்கருக்குப் பதிலாக வாட்டைப் போட்டால் போதும், இலக்கணம் தானாக வந்துவிடும்: வாட்டுக்கு என்ன கண்டுமுதல்?

உரக் கணக்கும் பொருந்துகிறது. ஒரே வயல், ஒரே விதை. உரத்தைக் கூட்டக் கூட்ட முதலில் கண்டுமுதல் ஏறும், ஓர் அளவுக்கு மேல் உரம்தான் செலவு. 253 வாட்டில் நிற்கும் 14900கே அப்படிப்பட்ட வயல்தான்.

சுருக்கமாக வேண்டும் என்றால் ‘மின்கண்டுமுதல்’. நண்பரின் வரிகளை மாற்றி எழுதிப் பார்த்தேன்:

> ஆட்டங்களில் ரைசனின் மின்கண்டுமுதல் இன்டெலைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

> 125 வாட்டுக்குக் கட்டினால் 14900கே-யின் செயல்திறன் குறைகிறது, மின்கண்டுமுதல் கூடுகிறது.

இரண்டாவது வரியைப் பாருங்கள். ‘செயல்திறன் குறைகிறது, திறன் பயனுறுதிறன் கூடுகிறது’ என்று எழுதியிருந்தால் யார் புரிந்துகொண்டிருப்பார்கள்? இன்னொரு வசதி, இந்த வேரிலிருந்து குடும்பமே கிடைக்கிறது. கொடுத்த பணத்துக்கு எவ்வளவு வேகம் என்பதற்கு ‘விலைக்கண்டுமுதல்’. நண்பரின் கட்டுரையில் கடைசிப் பத்தியே அதுதான்.

எதிர்ப்பு வரும் என்று தெரியும். நகரத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் தெரியாது என்பீர்கள். தெரியாதுதான். ஆனால் ‘மின்னஞ்சல்’ நிலைத்ததற்குக் காரணம், அஞ்சல் என்பது ஏற்கெனவே புழங்கிய சொல். கண்டுமுதலும் எங்கோ சிலர் வாயில் இன்னும் புழங்குகிற சொல்தான். ஒட்டுப்போட்டுச் செய்த சொல்லை நூறு முறை விளக்க வேண்டும், இதை ஒருமுறை விளக்கினால் போதும். எழுத்தும் ஆறுதான், பயனுறுதிறனுக்கு ஏழு.

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நண்பர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பக்கத்துக் களத்தில் அளந்த நெல்லின் மொத்தத்தை என்னவென்று சொல்வார்கள்? அது இதைவிடச் சுருக்கமாக, இரு கரைக்கும் புரிவதாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ள எனக்கு முழுச் சம்மதம்.

‘செயலி’யைப் பற்றி இன்று பேசவில்லை. கைபேசியில் இறக்குவதும் செயலி, அதை ஓட்டும் சிப்பும் செயலி என்ற தகராறு தனி மடலுக்கு உரியது.

கோவை நண்பர் வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்ப வேண்டுமாம். அதற்குள் மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு ஒரு முழு வாக்கியமும் எழுதி அனுப்புங்கள். மேலே உள்ள 125 வாட் வரியில் அந்தச் சொல்லை வைத்துப் பார்ப்போம்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து