நிழல் மரக் கிளைகளைக் கழித்தபின் தடுமாறும் எறும்புகள்

தாண்டிக்குடியான்:
எங்கள் காப்பித் தோட்டத்தில் போன வாரம் நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்து, அன்றே அப்புறப்படுத்திவிட்டோம். அதுவரை வரிசை சேராமல் ஒற்றையாக இரை தேடிப் போய், நேராக வளைக்குத் திரும்பிக்கொண்டிருந்த பெரிய கறுப்பு எறும்புகள், இப்போது இரையைக் கவ்வியபடி வளைக்கு இரண்டு முழத்துக்கு அப்பால் சுற்றிச் சுற்றி வருகின்றன. மரத்தின் உச்சியில் வெட்டியதற்குத் தரையில் ஏன் இந்தத் தடுமாற்றம்?

காப்பிக்காடு:
ஆட்கள் நடமாடியதில் வாசனைத் தடம் அழிந்திருக்கும். இரண்டு மழை பெய்தால் சரியாகிவிடும்.

சோலைக்குருவி:
வரிசையாகப் போகும் எறும்புக்கு அந்த விளக்கம் பொருந்தும். ஒற்றையாகத் திரிபவை பெரும்பாலும் கண்ணை நம்புபவை. ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் ஓர் எறும்பைக் கொண்டு ஹோல்டாப்ளர் 1980இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் கேள்விக்கு மிக அருகில் வருகிறது: தலைக்கு மேலே கிளைகளுக்கும் வானத்துக்கும் இடையே அமையும் கருமை வெண்மைக் கோலத்தைச் செயற்கையாக அமைத்துத் திருப்பி வைத்தபோது, எறும்புகளும் அதற்கேற்பத் திசை மாறின. எறும்பின் கூட்டுக்கண்ணுக்கு இலையின் விளிம்பெல்லாம் தெரியாது, மங்கலான திட்டுகளே தெரியும். ஆனால் பல எறும்புகள் புற ஊதா ஒளியைக் காண்பதால், அந்த ஒளியில் பளிச்சிடும் வானமும் இருண்டு நிற்கும் மரமும் அவற்றுக்குத் தெளிவாகப் பிரிந்து தோன்றும். நீங்கள் கழித்தது கிளையை மட்டுமல்ல, அவற்றின் வரைபடத்தையும்தான்.

தாண்டிக்குடியான்:
அப்படியானால் மஞ்சு இறங்கி வானமே மறையும் நாட்களில் என்ன செய்யும்?

சோலைக்குருவி:
திறந்த வெளி எறும்புகளுக்கு வானமே திசைகாட்டி. துனீசியாவில் சான்ட்ஷி என்ற ஆய்வாளர் 1911இல் சூரியனை மறைத்து, கண்ணாடியால் எதிர்ப்பக்கம் காட்டியபோது எறும்புகள் திரும்பி நடந்தன. சூரியன் மறைந்தாலும் நீல வானத்தின் ஒரு துண்டு போதும். அதிலுள்ள தளவிளைவுற்ற ஒளியின், அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியின், ஒழுங்கைக் கண்ணின் மேல்விளிம்பு படித்துவிடும். அடர்ந்த மஞ்சில் அதுவும் கிட்டாது. அப்போது அருகிலுள்ள அடிமரமும் வளையின் வாசனையும் கைகொடுக்கலாம். தொலைவை அறியக் காலடிக் கணக்கு வேறு இருக்கிறது: பாலைவன எறும்புகளின் கால்களில் பொய்க்கால் ஒட்டி நீளமாக்கியபோது, அவை வளையைத் தாண்டிப் போய்த் தேடின என்று 2006இல் கண்டார்கள். விளையாட்டுப் போல இருந்தாலும் அழகான சோதனை.

காப்பிக்காடு:
மழை என்ற என் பதிலைத் திரும்பப் பெறுகிறேன்.

தாண்டிக்குடியான்:
இன்று காலை ஓர் எறும்பு வளையை விட்டுச் சாண் தூரம் வந்து, திரும்பி வளையைப் பார்த்து நின்று, மறுபடி வேறு பக்கம் நடந்து அதையே செய்தது.

சோலைக்குருவி:
அது புதிதாகக் கற்றுக்கொள்ளும் நடை. முதன்முதலாக வெளியே வரும் எறும்பும், வளையைச் சுற்றியுள்ள காட்சி மாறியதை உணர்ந்த பழைய எறும்பும் அப்படி நடப்பதுண்டு. மீதிக் கிளைகளைக் கழிப்பதாக இருந்தால் சில நாள் தள்ளிப்போடுங்கள். முதலாளியிடம் காரணம் சொல்வது உங்கள் சாமர்த்தியம்.