சாதிக்கு ஒரு பட்டியல், பெண்ணுக்கு ஒரு பட்டியல்: இரண்டும் சேரும் இடத்தில் அடி யாருக்கு?

வேளச்சேரி வாசு:
தமிழ்நாட்டில் 69% இடஒதுக்கீடு இருக்கு. ஒவ்வொரு பிரிவிலும் பெண்களுக்கு 30% இருக்கு. சாதியும் பாலினமும் சேரும் இடத்தில் இருக்கிறவங்களுக்குத் தனியா அடி விழுதுன்னு சொல்றீங்களே மலர், அமெரிக்காவின் இனம்-பாலினச் சண்டையை இங்க ஏன் இழுத்துட்டு வரணும்? அங்க நிறம், இங்க சாதி.

பெரம்பூர் மலர்:
நிறமும் சாதியும் ஒன்றில்லை, ஒப்புக்கிறேன். கோளாறு நடக்கிற விதம் ஒன்றுதான். அமெரிக்க கார் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் மேல ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டாங்க. 1964-க்கு முன்னால அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை எடுக்கவே இல்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தப்போ, கடைசியில் சேர்ந்தவங்க முதலில் வெளியே. 1970-க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போச்சு. 1976-ல் நீதிமன்றம், "பெண்களைத்தான் எடுத்திருக்காங்களே" என்ற தொனியில் பாலினப் புகாரைத் தள்ளிவிட்டது. எடுத்தது வெள்ளைப் பெண்களை! இனப் புகாரா, நடக்கிற வேறொரு வழக்கில் போய்ச் சேருங்கன்னு வழிகாட்டியது. இப்படி இனமும் பாலினமும் சேர்ந்து அடிக்கிறதுக்கு 'இன்டர்செக்‌ஷனாலிட்டி'ன்னு பேர் வச்சவர் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கிம்பர்லி கிரென்ஷா. அவர் 1989-ல் எழுதிய கட்டுரைக்கு இந்த வழக்கு ஒரு முக்கியச் சான்று.

வேளச்சேரி வாசு:
இப்படிப் பிரிச்சுட்டே போனா முடிவு ஏது? நூறு இடத்தில், எஸ்சி ஒதுக்கீட்டுக்குள்ள அருந்ததியருக்கு 3. அதில் 30% என்றால் 0.9. ஐந்து பேரை எடுக்கும் அறிவிக்கையில் இந்தக் கணக்கு எங்க நிக்கும்?

பெரம்பூர் மலர்:
சின்ன எண்ணிக்கைக்காகத்தானே 200 புள்ளி இனச்சுழற்சி, அதாவது எத்தனையாவது இடம் எந்தப் பிரிவுக்குன்னு வரிசையாச் சொல்லும் பட்டியல், வச்சிருக்காங்க? பிரிவுகள் முடிவில்லாமப் பெருகும் என்ற பயத்தை அந்த ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கு நீதிபதியும் எழுதியிருக்கார்.

பாரிமுனை பாண்டியன்:
உத்தரப் பிரதேசக் காவலர் தேர்வைப் பாருங்க, வாசு சார். பொதுப் பிரிவில் தேர்வான கடைசிப் பெண் 274.8298 மதிப்பெண். 276.5949 எடுத்த ஓபிசி பெண் வெளியே. ஓபிசி ஆண் அதிக மதிப்பெண் எடுத்தா பொது இடத்துக்குப் போகலாம், பொதுப் பிரிவுப் பெண்ணுக்கும் சிக்கல் இல்லை. ரெண்டுமா இருந்தவங்களுக்குத்தான் கதவு சாத்தினாங்க. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இது தப்புன்னு சொன்னது.

பெண்கள் ஒதுக்கீட்டைப் போடும் முறையையும் உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லியாச்சு. எஸ்சி இடம் 19, அதில் பெண்களுக்கு 4 என்று வைங்க. முதலில் தகுதி வரிசைப்படி 19 பேரை எழுதணும். அதில் 4 பெண்கள் வந்துட்டா பட்டியலைத் தொடக்கூடாது. ரெண்டு பேர்தான்னா, அடியில் இருக்கும் ரெண்டு ஆண்களை எடுத்துட்டு அடுத்த ரெண்டு எஸ்சி பெண்களைச் சேர்க்கணும். நாலுக்கு மேல வந்தா யாரையும் நீக்க வேண்டாம். தகுதியில் வந்த பெண்களை எண்ணாம, மேலும் நாலு பேரைச் சேர்ப்பதுதான் வழக்கமான தப்பு. அது ஆண்களுக்குப் பாதகம், அதையும் சொல்லணும்.

வேளச்சேரி வாசு:
அப்ப விதி சரி, போட்ட கைதான் தப்பு. புதுத் தத்துவம் எதுக்கு?

பாரிமுனை பாண்டியன்:
தப்பு எங்கன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? தகவல் உரிமை மனுவில் "பெண்கள் எத்தனை, எஸ்சி எத்தனை" என்று கேட்டா ரெண்டு தனித்தனி அட்டவணை வரும். ரெண்டுமே அழகா இருக்கும். ஒவ்வொரு பிரிவிலும் ஆண், பெண் தனித்தனியா கடைசி மதிப்பெண் என்னன்னு கேளுங்க.

வேளச்சேரி வாசு:
அரசு வேலைக்குச் சரி. ஓஎம்ஆர் சாலையில் இருக்கிற தனியார் ஐடி கம்பெனிக்கு அந்த மனு செல்லாதே?

பெரம்பூர் மலர்:
செல்லாது. அங்க இடஒதுக்கீடும் இல்லை, சாதிவாரியா ஆட்கணக்கு வெளியிடணும்னு கட்டாயமும் இல்லை. அதனாலதான் பெண்கள் சதவீதத்தை மட்டும் ஆண்டறிக்கையில் போட்டுட்டுப் போயிடுறாங்க.