கடைசி ஞாயிறு: சபைக்கு எப்படி நன்றி சொல்வது?

இறையியல் மாணவன்:
ஏற்காட்டில் நான் மாணவப் போதகராக இருந்த சின்ன மெதடிஸ்ட் சபையில் வருகிற ஞாயிறு எனக்குக் கடைசி ஆராதனை. இரண்டு வருடமாகச் சனிக்கிழமை மாலை சேலத்தில் பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவும் கடந்து போய் இறங்குவேன்.

முதல் பிரசங்கத்தில் பாதியில் தொண்டை அடைத்து நின்றுவிட்டேன். இரண்டாவது வரிசையில் ஒரு பாட்டி, காப்பித் தோட்டத்தில் வேலை செய்தவர், மெதுவாக ஒரு கீர்த்தனையை எடுத்தார். சபையே சேர்ந்து பாடியது. மூன்றாவது சரணம் முடிவதற்குள் எனக்குக் குரல் வந்துவிட்டது. அப்புறம் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் என்ன சொல்வேன்? பெயர் சொன்னால் யாராவது விடுபட்டுப் போவார்களே.

சூரமங்கலம் அண்ணன்:
தம்பி, சபையில் சுருக்கமாகச் சொல்லுங்கள், மிச்சத்தை வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள். 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்கள் கூடுமிடத்தின் கட்டடக் கடனை அடைக்க 12 பேருக்கு ஒருவர் என்று பொறுப்பெடுத்து, வாராவாரம் ஒரு பென்னி வாங்க வீடுகளுக்குப் போனார்கள். காசு வாங்கப் போனவர்கள்தான் ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதையும் அறிந்து வந்தார்கள். சின்னக் குழுவாக வாராவாரம் கூடும் மெதடிஸ்ட் வகுப்புக் கூட்டமே அப்படிப் பிறந்தது.

ஓய்வுநாள் பள்ளி டீச்சர்:
பாட்டியின் கதையைச் சொல்லுங்கள் பாஸ்டர், அவரிடம் முதலில் கேட்டுக்கொண்டு. பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். எங்கள் சபையிலிருந்து விடைபெற்றுப் போன மாணவப் போதகர் ஒவ்வொரு பிள்ளையின் வேதாகமத்திலும் இரண்டு வரி எழுதினார். என் மகள் இன்றும் அதை எடுத்துப் பார்க்கிறாள்.

இறையியல் மாணவன்:
சரி அண்ணா, டீச்சர். வெள்ளிக்கிழமையே மேலே போகிறேன். முதலில் பாட்டி வீடு.