'துஸ்திக்' – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பர்களே,
கசாக்கியரின் குழியாட்டமான தொகிஸ்குமலாக்கின் விதிகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தமிழாக்குகிறேன். திங்களன்று அச்சுக்குப் போகிறது. பக்கத்துக்கு 9 குழி, குழிக்கு 9 காய், மொத்தம் 162. 82 சேர்த்தால் வெற்றி. இதில் சிக்கலில்லை. 'துஸ்திக்'கில்தான் மாட்டிக்கொண்டேன். நம் கடைசிக் காய் எதிராளி குழியில் விழுந்து அங்கே மூன்றானால் அந்தக் குழியே நமக்குச் சொந்தம். அப்புறம் யார் போட்டு விழுந்தாலும் அந்தக் காய் நம் கணக்கு. ஒருவருக்கு ஒன்றுதான், ஒன்பதாம் குழியில் கூடாது, எதிராளி நம் பக்கத்தில் பிடித்த குழியின் அதே எண்ணிலும் கூடாது. ஒரு சொல் தாருங்கள்.

~

'துஸ்' என்றால் உப்பு. ஆகவே 'உப்புக்குழி'. உவர், உவரி, உப்பு எல்லாம் ஒரே வேர். சங்க கால உமணர் உப்பு வண்டி கட்டிப் போன வழிகளைப் பார்த்தால்...

~

ஐயா, உமணர் வண்டி திங்களுக்குள் ஊர் சேராது. பல்லாங்குழியில் 'பசு' இருக்கிறதே, அது போதாதா?

~

பசு வேறு அக்கா. நாலு சேர்ந்ததும் எடுத்தால் கதை முடிந்தது, குழி கைமாறுவதில்லை. இங்கே அந்தக் குழியைத் தாண்டும்போதெல்லாம் எதிராளி ஒரு காய் அழுதுவிட்டுத்தான் போகவேண்டும். 'சுங்கக்குழி' என்பேன்.

~

சுங்கம் வடசொல். குறளிலேயே 'உல்கு' இருக்க, கடன் எதற்கு? 'உல்குக்குழி'.

~

பத்து வயதுப் பிள்ளையை அதைச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று குலோத்துங்கனையே புகழ்ந்த சொல் நமக்கு ஆகாதா? தொகிஸ்குமலாக் என்றாலே 'ஒன்பது புழுக்கை'. ஆட்டுப் புழுக்கைதான்! அவர்கள் இவ்வளவு தூய்மை பார்க்கவில்லை.

~

எதற்கு இந்தப் பாடு? துஸ்திக் என்றே விடுங்கள். 2020-இல் இந்த ஆட்டம் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் ஏறியபோதும் கசாக், கிர்கிஸ், துருக்கியப் பெயர்களை அப்படியேதான் வைத்தார்கள். நாளை உலக நாடோடி விளையாட்டுப் போட்டிக்குப் போகிற பிள்ளை நடுவரிடம் சுங்கம் கேட்குமா?

~

சரி, முதலில் வருமிடத்தில் 'சுங்கக்குழி (துஸ்திக்)', பிறகு சுங்கக்குழி மட்டும். நான்கு பேர் சரி என்றார்கள். வென்ற காய்களைப் போடும் 'கசான்' பெரிய சமையல் பாத்திரம் என்பதால் 'கொப்பரை' என்று வைத்திருக்கிறேன்.

~

உல்குவை விட்டதற்கு என் மறுப்பு நிற்கிறது. கொப்பரை என்றால் பிள்ளைகள் தேங்காயைத்தான் நினைப்பார்கள். 'அண்டா'?