நடுவானத்துல ஆட்டோபைலட் மக்கர் பண்ணா என்ன பண்ணுவாங்க?

ஜன்னல்சீட்:
போன வாரம் வந்த ஃப்ளைட்ல பாதி வழியில கேப்டன் மைக்ல "சின்ன டெக்னிக்கல் பிரச்சனை, கொஞ்சம் கீழ இறங்கி போகப்போறோம்"னு சொன்னாரு, தரையிறங்கினதும் கேட்டா ஆட்டோபைலட் வேலை செய்யலயாம். ஒரு குலுக்கல்கூட இல்ல. அதுக்கு எதுக்கு கீழ இறங்கணும்? முதல்ல என்னதான் பண்ணுவாங்க? அடுத்த மாசம் திரும்ப ஏறணும், அதான் கேக்குறேன்.

வலதுசீட்டு:
நான் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை பைலட். இறங்கினது விமானம் தாங்காதுன்னு இல்லங்க, ரூல் அப்படி. 29,000 அடியிலேர்ந்து 41,000 அடி வரைக்கும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு 1,000 அடி இடைவெளியிலதான் போவோம், அதுக்கு உயரத்தை தானா பிடிச்சு வைக்கிற சிஸ்டம் ஓடணும். இல்லன்னா தரையிலேர்ந்து வழி சொல்ற கன்ட்ரோலர்கிட்ட "அனேபிள் ஆர்விஎஸ்எம்"னு, அதாவது இந்த 1,000 அடி இடைவெளியில எங்களால போக முடியாதுன்னு சொல்லிடணும், அவரு 2,000 அடி இடைவெளி தருவாரு, முடியலன்னா கீழ அனுப்பிடுவாரு. கீழ போனா எரிபொருள் கூட குடிக்கும், அந்தக் கணக்கையும் திரும்பப் போடணும்.

முதல் வேலை ஒண்ணே ஒண்ணு, சிவப்பு பட்டனை அமுக்கி விமானத்தை கைக்கு எடுத்துக்கறது. ஒருத்தர் ஓட்டறது மட்டும்தான், இன்னொருத்தர் செக்லிஸ்ட், ரேடியோ எல்லாம். அப்புறம்தான் இன்னொரு ஆட்டோபைலட்டை போட்டுப் பாப்போம், பொதுவா ரெண்டு இருக்கும், உங்களுக்கு ரெண்டுமே போயிருக்கும்னு நினைக்கிறேன். மேல காத்து லேசு, ஸ்டிக்கை லேசா தொட்டாலே ஆடும், அதனால பூ மாதிரி பிடிக்கணும்.

பழைய_மெக்கானிக்:
தம்பி சொல்றது சரிதான், ஆனா ஆட்டோபைலட் சத்தம் போட்டுட்டு கழண்டா பரவால்ல, சத்தமில்லாம கழண்டா அதுதான் எமன். 1972 டிசம்பர்ல ஈஸ்டர்ன் 401ங்கற ஃப்ளைட்ல, முன் சக்கரத்து இண்டிகேட்டர் பல்பு எரியலன்னு காக்பிட்ல இருந்த எல்லாரும் அதையே நோண்டிக்கிட்டிருந்தாங்க, ஆட்டோபைலட்ல உயரத்தைப் பிடிச்சிருந்த மோடு யாரோ கை பட்டு கழண்டதை கவனிக்கல, 2,000 அடியிலேர்ந்து மெல்ல மெல்ல இறங்கி ஃப்ளோரிடா சதுப்புல போய் விழுந்துச்சு. ஒரு பல்புக்கு நூறு பேருக்கு மேல உயிர் போச்சு. 1985ல சைனா ஏர்லைன்ஸ் 006 வேற கதை, ஒரு இன்ஜின் நின்னதை ஆட்டோபைலட் சமாளிச்சுக்கிட்டே இருந்து, கேப்டன் அதை எடுத்துவிட்டதும் ஜம்போ அப்படியே புரண்டு சுமார் 30,000 அடி கீழ வந்துச்சு. நல்லவேளை நிமித்திட்டாங்க, யாரும் சாகல.

குட்டிகேள்வி:
ஏர் பிரான்ஸ் 447 ஃப்ளைட் விழுந்ததும் ஆட்டோபைலட் கெட்டுப்போனதாலதானே?

வலதுசீட்டு:
கெட்டுப்போகலங்க. 2009ல வேகத்தை அளக்கற பிட்டோ குழாய்ல ஐஸ் அடைச்சு வேகம் தப்பா காட்ட, "எனக்குப் புரியல, நீயே பாத்துக்கோ"ன்னு அது ஒதுங்கிடுச்சு. கைக்கு வந்ததும் மூக்கை மேல தூக்கி ஸ்டால் ஆயி, அதாவது இறக்கை தூக்கிப் பிடிக்க முடியாம கீழ விழுந்து, 228 பேர் போயிட்டாங்க. மூக்கை அளவா வெச்சு, இன்ஜின் பவரையும் அளவா வெச்சிருந்தா விமானம் பாட்டுக்கு பறந்திருக்கும். இப்போ சிமுலேட்டர்ல இதை போட்டு வறுத்தெடுக்கறாங்க.

ஜன்னல்சீட்:
அப்போ லேண்டிங்?

வலதுசீட்டு:
அதுல கவலையே வேணாம், பெரும்பாலும் நாங்க கையாலதான் இறக்குறோம். அடர் மூடுபனின்னா மட்டும் விமானமே தானா இறங்கற ஆட்டோலேண்ட் வேணும், அது இல்லன்னா பனி இல்லாத வேற ஏர்போர்ட்டுக்கு போயிடுவோம்.