பன்றியின் தடத்தில் பட்டையே இல்லை: சைன் செருகல் இல்லை என்று கொள்ளலாமா?

நீலவாணன்:
வணக்கம். திமிங்கிலத்துக்கும் நீர்யானைக்கும் உள்ள உறவைக் காட்டும் சைன் செருகல் (படியெடுக்கப்பட்டு மரபணுத்தொகுதியின் வேறிடத்தில் புகும் குறு டிஎன்ஏ துண்டு) ஒன்றைப் பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பெருக்கும் முறை) மூலம் சரிபார்க்கிறேன். பெருகிய துண்டுகளை நீளப்படி பிரிக்கும் ஜெல்லில் ஓட்டியபோது, அவ்விரண்டுக்கும் நீளமான பட்டையும் பசுவுக்குக் குட்டையான பட்டையும் வந்துவிட்டன. பன்றியின் மாதிரி ஓடிய தடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. பன்றியில் செருகல் இல்லை என்று எழுதிவிடலாமா? நாளை காலை வழிகாட்டியிடம் காட்ட வேண்டும்.

கயல்:
பிரைமர்களை (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் குறு டிஎன்ஏ இழைகளை) எந்த விலங்கின் வரிசையைக் கொண்டு அமைத்தீர்கள், அனீலிங் வெப்பநிலை (பிரைமர் ஒட்டும் படியின் வெப்பநிலை) என்ன, அதே பன்றி டிஎன்ஏ வேறு பிரைமருக்குப் பட்டை தந்ததா? ஒன்றையும் சொல்லவில்லையே.

பழையவர்:
தம்பி, அடிப்படையைப் படித்துவிட்டு ஜெல் ஓட்டியிருக்கலாம். செருகல் இல்லாத விலங்கில் இருபுறப் பகுதிகள் மட்டும் பெருகிக் குட்டைப் பட்டை வரவேண்டும். எதுவுமே வராவிட்டால் அது ‘இல்லை’ என்ற விடையன்று, விடை கிடைக்கவில்லை என்பதே.

அடியிணை:
பன்றிக்கே உரிய பிஆர்இ-1 சைன் அந்த இடத்தில் புகுந்திருக்கும் என்பது என் கணிப்பு.

கயல்:
புகுந்திருந்தால் பட்டை ஜெல்லில் சற்று மேலே நிற்குமே தவிர, காணாமல் போகாது.

நீலவாணன்:
பிரைமர்கள் மின்கித் திமிங்கில வரிசையிலிருந்து எடுத்தவை. 60 பாகை. பன்றி டிஎன்ஏ வேறு பிரைமருக்கு நன்றாகவே வந்தது.

கயல்:
அப்படியானால் பன்றியில் பிரைமர் ஒட்டும் இடமே மாறிப்போயிருக்கலாம். வெப்பநிலை குறைந்தால் முழுதும் பொருந்தாத பிரைமரும் ஒட்டும்; படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் பசு, பன்றி, திமிங்கிலம் மூன்றிலும் மாறாதிருக்கும் பகுதியில் புதிய பிரைமர் அமையுங்கள். நீளப் பட்டைகளின் வரிசையையும் படித்து, செருகலின் இரு முனைகளிலும் ஒரே குறுவரிசை இரட்டித்திருக்கிறதா (அது புகுந்ததன் அடையாளம்), செருகல் நீர்யானையிலும் அதே இடத்தில்தான் நிற்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

பழையவர்:
அவ்வளவு வேண்டாம். ஒருமுறை புகுந்த சைன் வெளியேறாது. 1999-இல் ஜப்பானிய மூலக்கூறு உயிரியலாளர் ஒக்காடாவின் குழுவினர் நீர்யானையே திமிங்கிலத்தின் மிக நெருங்கிய உறவு என்று காட்டியது இந்த நம்பிக்கையில்தான்.

அடியிணை:
அவர்கள் ஒரே இடத்தை நம்பவில்லை, ஐயா. மூதாதைக் கூட்டத்தில் சிலவற்றில் மட்டும் இருந்த செருகல், கிளைகள் விரைவாகப் பிரியும்போது தாறுமாறாகப் பங்கிடப்படும். பல்லுக்குப் பதில் வடிகட்டும் தகடுகள் கொண்ட பலீன் திமிங்கிலங்களில் ஒன்றுக்கொன்று முரணான செருகல்கள் 2006-இல் வெளிவந்தன.

பழையவர்:
பலீன் கதை வேறு; கேள்வி பன்றியைப் பற்றியது.

அடியிணை:
‘ஒருமுறை புகுந்த சைன் வெளியேறாது, அவ்வளவு வேண்டாம்’ என்றவர் நீங்கள்தான்.

நீலவாணன்:
52 பாகையில் பன்றிக்கும் குட்டைப் பட்டை வந்தது. நன்றி.

கயல்:
வரிசை படித்தீர்களா? எத்தனை இடங்களைச் சோதித்தீர்கள்?