புதுப்பிப்பு: டேட்டாநோட் எல்லாம் பச்சை, ஆனால் எச்டிஎஃப்எஸ்-இல் எழுதுவது தொங்குகிறது (தீர்ந்தது)

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் உள்ள எங்கள் ஹடூப் (பெரிய தரவைப் பல சர்வர்களில் பிரித்து வைக்கும் மென்பொருள்) ரேக்கில், கண்காணிக்கும் அம்பாரி திரையில் டேட்டாநோட் (தரவை வைத்திருக்கும் சர்வர்) எதிலும் குறை இல்லை, ஹடூப்பின் கோப்பு முறைமையான எச்டிஎஃப்எஸ்-இல் பெரிய கோப்பு எழுதினால் மட்டும் பாதியில் டைம்அவுட்.

சந்தேகித்த டிஸ்க் கன்ட்ரோலர் ஃபர்ம்வேர் காரணமில்லை. "எம்டியு-வைப் பாருங்க" என்றவர் சொன்னதுதான் சரி. எம்டியு என்பது ஒரே தடவையில் அனுப்பக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில். சர்வர்களில் அது 9000. ரேக்கின் மேலுள்ள இரண்டு சுவிட்சுகளில், புதிதாக மாற்றிய ஒன்றின் போர்ட்டுகள் மட்டும் 1500-இல் இருந்தன. 'உயிரோடு இருக்கிறேன்' என்று டேட்டாநோட் 3 விநாடிக்கு ஒருமுறை அனுப்பும் ஹார்ட்பீட் சின்னது, அது தாண்டிவிடும், அதனால்தான் பச்சை. கோப்பின் பிளாக் (துண்டு) தரவு வரும் பெரிய ஃபிரேம்களை (நெட்வொர்க்கில் போகும் தரவுப் பொட்டலங்கள்) அந்த சுவிட்ச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். சுவிட்ச் லேயர் 2-இல் (ஐபி-க்குக் கீழுள்ள அடுக்கு) வேலை செய்வதால் அனுப்பியவருக்குப் பிழைச் செய்தியும் வராது.

சோதிக்க: 'துண்டாக்காதே' கொடியோடு 8972 பைட் பிங் (ஐபி, ஐசிஎம்பி தலைப்புகள் 28 சேர்த்தால் 9000). ஒரே நோடுக்கு (சர்வருக்கு) அடித்துப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். பாண்ட் ஹேஷ் (ஒன்றாகக் கட்டிய கேபிள்களில் எதில் அனுப்புவது என முடிவு செய்யும் கணக்கு) எந்தக் கேபிளைத் தேர்ந்தெடுக்கிறதோ அதைப் பொறுத்து சில ஜோடிகள் ஓடும், சில ஓடாது. எல்லா நோடுக்கும் அடியுங்கள், அல்லது ஒரு கேபிளை இறக்கிவிட்டு மற்றதைச் சோதியுங்கள். சுவிட்சில், அளவை மீறிய ஃபிரேம்களை எண்ணும் 'ஜயண்ட்ஸ்' கவுண்டர் ஏறினால் சந்தேகமே வேண்டாம்.

சுவிட்ச் போர்ட்டுகளை 9216 ஆக்கியதும் சரியானது. எதிர்பாராதது ஒன்று: எம்டியு மாற்றும்போது போர்ட் ஒரு கணம் விழுந்து எழுந்தது. வேலை ஓடும் நேரத்தில் செய்யாதீர்கள்.